வெளியேற மாட்டோம்: மூன்று அறக்கட்டளைகளை ஒரே மேசைக்குக் கொண்டுபோன நாள்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்பி தி.நகர், மயிலாப்பூர் வழியாக அடையாறு போய்த் திரும்பினேன். மொத்தம் முப்பது கிலோமீட்டர்கூட வராது. இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள் நான் முன்பு எழுதிய கொல்லிமலைக் கட்டுரையைப் படித்துக்கொள்ளலாம். அங்கே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இங்கே மூன்று அலுவலகங்கள். எழுபது வளைவு எளிது.

எழுதக் காரணம் உண்டு. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் நம்மைப் போன்ற மற்றவர்களுக்கும் தங்குமிடம் நடத்துகிற சிலர், மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் எனக்கு எழுதியிருந்தார்கள். நிதி தருகிறவர்களைத் தனித்தனியே பார்த்துப் பார்த்துச் செருப்புத் தேய்கிறது, அவர்களை ஒன்றாக உட்காரவைப்பது எப்படி என்று கேட்டார்கள். நான் செய்த விதத்தை எழுதுகிறேன். எல்லாம் சரியாகச் செய்தேன் என்று சொல்லவில்லை. தவறு முழுக்க என்னுடையது என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக: எனக்கு அறுபத்தொன்பது வயது. முப்பத்திரண்டு வருடம் மாநகரப் பேருந்தில் கண்டக்டர். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. பத்தாவதைத் தனியாகப் படித்துத் தேறினேன். ஆங்கிலம், பயணிகள் இருக்கையில் விட்டுப்போன செய்தித்தாளும் ஓர் அகராதியும் கற்றுத்தந்தது. சூசை என்கிற பள்ளி ஆசிரியரோடு இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தேன். தெருவுக்கு நாங்கள் சிநேகிதர்கள். எங்களுக்கு நாங்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியும்.

வீடு சூசையுடையது. துரத்தப்பட்டு வந்தவர்களை உள்ளே விடத் தொடங்கியதும் அவர்தான். இப்போது ஏழு பேர் இருக்கிறார்கள். சூசை இறந்ததும் வீடு சட்டப்படி அவருடைய தம்பிக்குப் போனது. தம்பி கெட்டவர் இல்லை. மூன்று வருடம் பொறுத்தார். "மே மாசத்துக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்கண்ணே" என்று கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் தன் வீட்டைத் தரச் சம்மதித்தார். ஏழு பேர் யார் என்று தெரிந்தும் சம்மதித்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: மூன்று வருட ஒப்பந்தம், அதற்குப் பின்னால் நிற்க ஏதாவது ஒரு நிறுவனம்.

அந்த நிறுவனம்தான் கிடைக்கவில்லை. தி.நகரில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று, அடையாறில் ஒன்று என்று மூன்று அறக்கட்டளைகளுக்கு, முதலில் வீட்டுச் செலவுக்காகவும் இப்போது இதற்காகவும், மூன்று வருடமாக விண்ணப்பித்தேன். மூன்றும் ஒரே பதிலைத் தந்தன: மற்றவர்கள் சேர்ந்தால் நாங்களும் சேர்வதைப் பற்றி யோசிப்போம். மூன்றின் ஆங்கிலப் படிவத்திலும் ஒரே ஒரு கேள்வி என்னை எரித்தது. படிவம் வந்தால் ஒவ்வொரு கேள்வியையும் அகராதி வைத்துத் தமிழில் என் நோட்டில் எழுதிக்கொள்வது வழக்கம். அந்தக் கேள்வி என் நோட்டில் இப்படி இருக்கிறது: "வெளியேறும் திட்டம் என்ன?" பெற்றவர்கள் வெளியே தள்ளின பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியா இது? மூன்று வருடமும், மூன்று படிவத்திலும், ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினேன்: வெளியேற மாட்டோம்.

இந்த வருடம் வேறு வழி பிடித்தேன். மூவருக்கும் தொலைபேசியில் சொன்னேன்: "மற்ற ரெண்டு பேரும் கூட்டத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. நீங்கதான் பாக்கி." ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்துவைக்கிற ஊரில் நான் சொன்னது மூன்று. மூவரும் ஒத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே முக்கால், அடையாறு அலுவலகம். கடைசி நேரத்தில் யாரும் நழுவிவிடக் கூடாது என்று, இரண்டு பேரை நானே நேரில் போய் ஏற்றிக்கொள்ள முடிவுசெய்தேன்.

காலை 8.50க்குப் பரங்கிமலை ஸ்டேஷன். மாம்பலத்துக்கு மின்சார ரயிலில் ஐந்து ரூபாய், பதினைந்து நிமிடம். என்னோடு கல்பனா வந்தாள். நாற்பத்திரண்டு வயது, திருநங்கை. எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறாள். அடுப்பிலிருந்து ஆஸ்பத்திரிவரை எல்லாம் அவள் கை. என்னை நைனா என்பாள். விண்ணப்பம், ஒப்பந்த நகல், நோட்டு எல்லாம் என் தோல்பையில் இருந்தன. வேலை செய்த காலத்தில் வைத்திருந்த அதே அளவில், அதே வாரோடு தைக்கக் கொடுத்த பை.

"குடு நைனா, நான் தூக்கினு வரேன்."

"வேண்டாம்."

"தோள் வலிக்குதுன்னு ராத்திரி என்னாண்டதான தைலம் கேப்ப?"

கொடுக்கவில்லை.

மாம்பலத்தில் இறங்குகிறவர்கள் கவனிக்க: நேரே ரங்கநாதன் தெருவுக்குள் இறங்கினால் காலை ஒன்பதரைக்கே தோள் இடிபடும். பனகல் பூங்காவுக்குச் சுற்றிப் போனால் பத்து நிமிடம் அதிகம், ஆனால் சட்டை கசங்காது. பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் முதல் அறக்கட்டளை இருக்கிறது. நடத்துகிறவர் சுந்தரம், எழுபத்திரண்டு வயது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் கண் ஆபரேஷனுக்கும் நிறையச் செய்தவர். எங்களுக்கு மட்டும் மூன்று வருடமாக யோசிக்கிறவர்.

"மயிலாப்பூர் அம்மா கெளம்பிட்டாங்களா கண்டக்டர்?"

"நாமதான் போய்க் கூட்டிக்கணும்."

"காரை மருமக எடுத்துட்டுப் போயிட்டாளே" என்றார், கூட்டமே அதோடு நின்றுவிட்டது என்பதுபோல. அதற்குள் கல்பனா கீழே போய் ஆட்டோவோடு வந்து நின்றாள்.

"மயிலாப்பூருக்கு எரநூத்தம்பது குடு தலைவரே" என்றார் ஓட்டுநர்.

"அஞ்சு கிலோமீட்டருக்கா?"

"மெட்ரோ வேல நடக்குது. ரோடு பூரா நோண்டி வெச்சிகீறான். சுத்தினுதான் போவணும்."

நூற்று எண்பதுக்கு இறங்கினார். பின்னிருக்கையில் மூன்று பேர். சுந்தரம் நடுவில் உட்கார்ந்து, தனக்கும் கல்பனாவுக்கும் நடுவே கைப்பையைச் செருகிக்கொண்டார். நான் பார்த்தேன். கல்பனாவும் பார்த்தாள். ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"யக்கா, ஒரு வார்த்த நல்லதா சொல்லிட்டுப் போ. பொண்ணுக்குப் பரிச்ச நடக்குது."

"நல்லா எழுதுவா, போ. நீ மீட்டர் போட்டினா இன்னும் நல்லா எழுதுவா."

சுந்தரம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்த குலுக்கலில் கைப்பை சரிந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்வரை அது மடியிலேயே இருந்தது.

தெப்பக்குளத்துக்குப் பின்புறம் ஒரு சந்தில் வைதேகி அம்மாளின் வீடு. கணவர் பெயரில் அறக்கட்டளை நடத்துகிறார், எழுபத்தைந்து வயது. 11.20க்கு உள்ளே போனோம். மோர் கொடுத்தார். நாங்கள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து ஆரம்பித்தார்.

"நேத்திக்கு அடையாறுக்கு ஃபோன் பண்ணினேன். நான் ஒத்துண்டேன்னுதான் அவா ஒத்துண்டாளாம். அவா ஒத்துண்டான்னுதானே நான் ஒத்துண்டேன்? அப்போ இந்தக் கூட்டத்துக்கு முதல்ல ஒத்துண்டது யாரு?"

சுந்தரம் என் பக்கம் திரும்பினார். "எங்கிட்டயும் அதையேதான் சொன்னீங்க. பொய்யா?"

"ஆமா, பொய்தான். மூணு வருஷம் நீங்க மூணு பேரும் எனக்கு நிஜத்தையே எழுதினீங்க. அதுல ஒண்ணும் நடக்கல."

"நைனாக்கு மூஞ்சிக்கு நேரா பொய் வராதும்மா. போன்லதான் வரும்" என்றாள் கல்பனா.

போகலாம், வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துப் பையை எடுத்தேன். மே மாதமும் ஏழு பேரின் பெட்டிகளும் கண்முன் வந்து நின்றன. வைதேகி அம்மாள் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் குடை இருந்தது.

"எனக்குத் தம்பி ஒருத்தன் இருந்தான். இருபத்திரண்டு வயசுல பம்பாய் போனான். அப்புறம் லெட்டரே இல்லை. ஏன் போனான்னு எங்காத்துல ஒருத்தரும் கேக்கலை. கேட்டா பதில் சொல்லிடுவானோன்னு பயம்." செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "வாங்கோ, போலாம். மூணு பொய் சொல்லி ஒருத்தர் கூட்டம் போடறார்னா, அதையும் பாத்துடணும்."

அவர் காலை பத்தரைக்கே சாப்பிட்டு முடித்திருந்தார். நாங்கள் மூவரும் மாட வீதி மெஸ்ஸில் சாப்பிட்டோம். அளவில்லாச் சாப்பாடு நூற்று முப்பது. பன்னிரண்டரைக்கு முன்னால் போனால் காத்திருக்க வேண்டாம். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது, அப்பளம் நமத்திருந்தது.

மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு 5பி பேருந்து. சாதாரண வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். 1.40க்கு ஏறினோம், கூட்டமில்லை. அதில்தான் பெண்களுக்கும் திருநங்கையருக்கும் கட்டணமில்லை. கண்டக்டர் வைதேகி அம்மாளுக்கு ஒரு சீட்டு, கல்பனாவுக்கு ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்தார். அவளிடம் எந்த அட்டையும் கேட்கவில்லை, எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற எனக்குப் பாஸ் உண்டு. சுந்தரம் மட்டும் ஆறு ரூபாய் எடுத்தார்.

"நாலு பேர்ல துட்டு குடுத்தது நான் ஒருத்தன்தானா?"

"அதுக்குத்தான சார் உங்கள கூட்டினு போறோம்" என்றாள் கல்பனா.

வைதேகி அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

மந்தைவெளி தாண்டி, அடையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியபோது கல்பனா கரையைக் காட்டினாள். இப்போது அங்கே வேலியும் செடியும்தான். "அங்கதான் எங்க வூடு இருந்துச்சு. பதினேழு வயசுல என்னை வூட்ட வுட்டுத் தொர்த்துனாங்க. அப்பால பத்து பதினஞ்சு வருசத்துல கவருமென்ட்டுல வூட்டோட அவுங்களையும் எட்த்துனு போய் ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல போட்டாங்க." சுந்தரம் பாலம் முடியும்வரை கரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடையாறு அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் உண்டு, தண்ணீர் உண்டு. கழிப்பறையில் ஆண் பெண் படம் இல்லாத ஒரு கதவும் உண்டு. கூட்டம் கூட்டுகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இது இல்லாத இடத்தில் நம் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து உட்காருவார்கள்.

அங்கே நிதிப் பொறுப்பைப் பார்க்கிறவர் நிவேதா, முப்பது வயதுக்குள் இருக்கும். என் பொய்யைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னுடைய பழைய விண்ணப்பங்களை மேசையில் பரப்பினார்.

"ஐயா, உங்க விண்ணப்பம் ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்துலதான் நின்னுது. பதினாலாவது கேள்வி."

"அதுக்கு பதில் எழுதியிருக்கேனே."

"வெளியேற மாட்டோம்னு எழுதியிருக்கீங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு இங்க ரொம்ப நேரம் பேசினோம். பணத்த நிறுத்தினா விட மாட்டோம்னு மிரட்டுறீங்களோன்னுகூட ஒருத்தர் சொன்னார்."

"எங்க டிரஸ்ட்லயும் அதே கததான்" என்றார் சுந்தரம். "கண்டக்டர் சண்டைக்கு வராருன்னு எடுத்து ஓரமா வெச்சுட்டாங்க."

"வீட்ட விட்டுத் துரத்தப்பட்டவங்ககிட்ட வெளியேறும் திட்டம் என்னன்னு கேட்டா, சண்டைக்கு வராம கும்புடு போடுவாங்களா?" நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

நிவேதா அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, வெளியேறுறது நீங்க இல்ல. நாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு எங்க நிதி நின்னுட்டா வீடு எப்படி நடக்கும்னு கேக்கற கேள்வி இது."

நான் நோட்டை என் பக்கம் இழுத்து அந்த வரியைப் பார்த்தேன்.

"மூணு வருசம் நைனா" என்றாள் கல்பனா. "இந்த ஒரு கேள்விக்கோசரம் எத்தினி தபா என்னாண்ட கத்தியிருப்ப. ரெண்டு தபா சோறுகூட துன்னல நீ."

ஒப்புக்கொள்ளச் சொல்கிறீர்களா? நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் இல்லை. அவர்களிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்: "அகராதியில அப்படித்தான் இருக்கு. வெளியேறுறது யாருன்னு உங்க கேள்வியில இல்ல. எழுவாய் இல்லாம எழுதினது நீங்க. எழுவாய் இல்லாம எவனாவது வெளியே போன்னா, அது எங்களத்தான்னு எங்களுக்குப் பழக்கமாயிடுச்சு."

வைதேகி அம்மாள் குடையை மேசைமேல் வைத்தார். "அவர் சொல்றது நியாயம். கேள்வியை மாத்துங்கோ."

"எப்படி மாத்தலாம்?" என்று நிவேதா என்னிடமே கேட்டார்.

எனக்குத் தெரிந்தது பேருந்து பாஷைதான். "நாங்கள் இறங்கிக்கொண்ட பிறகு வண்டி எப்படி ஓடும்?" என்று எழுதச் சொன்னேன். எழுதினார். தமிழிலேயே இருக்கட்டும் என்றார். சுந்தரம் தலையை ஆட்டினார். மூன்று அறக்கட்டளைக்கும் இனி ஒரே படிவம், வருடத்துக்கு ஒரே அறிக்கை என்று ஒத்துக்கொண்டார்கள். மூன்று வருடம் நடக்காதது நாற்பது நிமிடத்தில் நடந்தது. நான் பையை மூடினேன்.

"இருங்கோ" என்றார் வைதேகி அம்மாள். "நாங்க இறங்கறது இருக்கட்டும். நீங்க இறங்கினப்புறம்? உங்களுக்கு எழுபது ஆகப்போறது. பாக்கற எல்லாப் பேப்பர்லயும் உங்க ஒருத்தர் கையெழுத்துதான் இருக்கு."

மற்றவர்கள் எங்களை வெளியேற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதே வேலையாக இருந்துவிட்டேன். சூசையும் இப்படித்தான் ஒரு காகிதமும் எழுதாமல் போனார்.

முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை முறை டூட்டி மாற்றியிருப்பேன். நடு வழியில் வண்டி நிற்கும். அடுத்த கண்டக்டர் ஏறுவார், பையை ஒப்படைத்துவிட்டு நான் இறங்குவேன். உட்கார்ந்திருக்கிற பயணி ஒருவர்கூட எழுந்திருக்க மாட்டார். பாதிப் பேருக்கு ஆள் மாறியதே தெரியாது.

கல்பனாவைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனுக்கு இங்கிலீசு வராது நைனா."

"எனக்கும் வரலன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

புதிய படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே என் கையால் எழுதினேன்: "வெளியேற மாட்டோம். நான் மட்டும் ஒரு நாள் இறங்குவேன். பை கல்பனாவிடம் இருக்கும்." பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். அவள் கையெழுத்துப் போட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். எல்லோரும் பொறுத்திருந்தோம்.

மூன்று வருடத்துக்கு நிதி தரவும் வீட்டு ஒப்பந்தத்துக்குப் பின்னால் நிற்கவும் அடையாறும் மயிலாப்பூரும் ஒத்துக்கொண்டன. சுந்தரம், அறக்கட்டளையில் இருக்கிற தன் தம்பிகளைக் கேட்க வேண்டும் என்று, ஒரு வருடத்துக்கு மட்டும் எழுதிக்கொடுத்தார். எனக்கு அதில் வருத்தம்தான், அவரிடமே சொன்னேன். "அடுத்த வருஷமும் ஆட்டோல வந்து கூட்டிட்டுப் போங்க, பாக்கலாம்" என்றார். தலைமையாசிரியை அடுத்த வாரமே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகலாம், ஒரு தெரு தூரம்தானே என்று ஏழு பேரும் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்புவதற்குப் பறக்கும் ரயில்தான் வசதி. கஸ்தூரிபா நகரில் 5.10க்கு ஏறினால் வேளச்சேரிக்கு ஐந்து ரூபாய், பதினைந்து நிமிடம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது. கஸ்தூரிபா நகரில் படி அதிகம். பாதிப் படியில் நின்று பையைக் கழற்றிக் கல்பனாவிடம் கொடுத்தேன். வாரைத் தன் உயரத்துக்குச் சுருக்கிக்கொண்டு ஏறினாள்.

"இன்னா கனம் கனக்குது. உள்ள கல்லு வெச்சிகீறியா?"

இதே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம். நிதி தருகிறவர்களைத் தனித்தனிக் காரில் வரவிடாதீர்கள். ஒரே ஆட்டோவில், ஒரே பேருந்தில் கூட்டிப் போங்கள். பாதிப் பேச்சு வழியிலேயே முடிந்துவிடும். கூட்டத்தைச் செவ்வாய் புதனில் வையுங்கள். வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் நகர முடியாது. உங்கள் வீட்டில் இருக்கிறவர் ஒருவரையாவது கூட்டிப் போங்கள். அவரைப் பற்றி அவர் இல்லாமல் பேசவிடாதீர்கள். பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். சொன்னால் நேரில் கேட்கும்போது ஒத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் அந்தப் பதினாலாவது கேள்வி வந்தால், எழுவாய் யார் என்று முதல் நாளே எழுதிக் கேளுங்கள். நான் மூன்று வருடம் கேட்காமல் இருந்தேன். பதில் தெரிந்த பிறகும், வெளியேற மாட்டோம் என்கிற முதல் வரியை நீங்களும் அடித்துவிடாதீர்கள். எங்கள் படிவத்தில் அது அப்படியேதான் இருக்கிறது.